பன்னிரண்டு விழுமியங்களில் எதை வெட்டுவது?

சகோதரரே, சபைக் கமிட்டிக்காக நோக்கமும் விழுமியங்களும் எழுதப்போய்ப் பன்னிரண்டு வந்துவிட்டன, எதை வெட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இரண்டையும் பிரியுங்கள். நோக்கத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மத்தேயு 28:19-20ல் இயேசுவே கொடுத்துவிட்டார். மூல கிரேக்கத்தில் அங்கே முதன்மைக் கட்டளை ‘சீஷராக்குங்கள்’ என்பதுதான், போவதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் உபதேசிப்பதும் அதைச் சுற்றியே வருகின்றன. அதை ஒரே வரியில் எழுதுங்கள்.

விழுமியம் என்பது அந்த வேலையில் எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பது. அப்போஸ்தலர் 2:42ல் ஆதிச் சபை உறுதியாய்ப் பிடித்துக்கொண்டவை உபதேசம், அந்நியோந்நியம் (ஐக்கியம்), அப்பம் பிட்குதல், ஜெபம் என்று நான்குதான். அப்புறம் உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் போன வருடம் சபை எவ்வளவு நேரமும் காணிக்கையும் கொடுத்தது என்று பாருங்கள், ஒன்றும் கொடுக்காதவற்றை வெட்டுங்கள். ஆனால் ‘ஏழைகள்மேல் அக்கறை’ என்று எழுதிவிட்டு ஒன்றுமே ஒதுக்கவில்லை என்றால், தயவுசெய்து அந்த ஒன்றை வெட்டாதீர்கள், வரவுசெலவைத் திருத்தச் சொல்லுங்கள்.