இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்னது

அன்புள்ள ஐயா,

சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், வேலைக்கு ஆறு பேர். அண்மையில்தான் பௌத்தம் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றால், பொருள் ஈட்டியே தீரவேண்டிய என்னைப் போன்றவனுக்குப் புத்தரிடம் என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டதை ஏறத்தாழ இப்படியே புத்தரிடம் கேட்டவர் ஒருவர் உண்டு. பாலி மொழியில் உள்ள புத்தரின் உரைத்தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வரும், கோலியர் குலத்தைச் சேர்ந்த தீகஜாணு, 'நாங்கள் பிள்ளைகுட்டிகளோடு வீட்டில் நெருக்கியடித்து வாழ்பவர்கள், காசிச் சந்தனம் பூசுபவர்கள், பொன்னும் வெள்ளியும் கையாள்பவர்கள். எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்' என்கிறார். புத்தர் அவரை வீட்டைத் துறக்கச் சொல்லவில்லை. முயற்சியோடு தொழில் செய்வது, அறவழியில் ஈட்டியதைக் காப்பது, நல்லோருடன் பழகுவது, வரவறிந்து செலவிடுவது ஆகிய நான்கிலிருந்து தொடங்கி, அதன் பிறகே ஈகைக்கும் மெய்யறிவுக்கும் செல்கிறார். வரவுக்கு மிஞ்சிச் செலவழிப்பவனை மட்டுமன்றி, நிறைய இருந்தும் வயிற்றைக் கட்டி வாழ்பவனையும் அவர் ஏற்கவில்லை. அவர் துன்பத்தின் வேர் என்றது 'தண்ஹா'வை, அதாவது அடங்காத தாகத்தை. உழைக்கும் ஊக்கத்தை அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு இதைவிடவும் நெருக்கமானது இன்னொரு தொகுப்பான தீக நிகாயத்தின் சிகாலோவாத சுத்தம் என்று கருதுகிறேன் (சுத்தம் என்பது புத்தரின் உரையைக் குறிக்கும் பாலிச் சொல்). மகத நாட்டு நகரான ராஜகிருகத்துக்கு வெளியே, விடியற்காலையில், ஈர உடையும் ஈரத் தலையுமாக ஓர் இளைஞன் ஆறு திசைகளையும் கைகூப்பி வணங்கிக்கொண்டிருக்கிறான். சாகும் தறுவாயில் தந்தை சொன்னதாம், காரணம் அவனுக்குத் தெரியாது. பிச்சைக்குப் போகும் வழியில் அவனைக் கண்ட புத்தர், அந்த வணக்கத்தைப் பழிக்காமல் திசைகளுக்கு வேறு பொருள் தருகிறார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், மேலே துறவியரும் அந்தணரும், காலுக்குக் கீழே உள்ள திசை அடிமைகளும் வேலையாட்களும். அடிமைமுறை நிலவிய காலம் அது. அந்தச் சொல்லை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சமூகத்தில் நின்றுகொண்டு, கீழே இருப்பவனும் வணங்கத்தக்க ஒரு திசை என்று ஒருவர் சொன்னதை நினைக்கும்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

முதலாளிக்கு அங்கே 5 கடமைகள் உண்டு: வலுவுக்கேற்ற வேலை தருவது, உணவும் ஊதியமும் அளிப்பது, நோயில் பார்த்துக்கொள்வது, அரிதாகக் கிடைக்கும் சுவையான பண்டத்தைப் பகிர்வது, உரிய நேரத்தில் ஓய்வுக்கு விடுவது. ஊதியத்தோடு பலகாரத்தையும் சேர்த்துச் சொன்ன அந்த நுட்பத்தைக் கவனியுங்கள். கூலியைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிட்டு, நல்லதைத் தனியே தின்பவனிடம் ஏதோ குறைகிறது என்று அவர் கண்டிருக்கிறார். இவ்வளவும் சொல்லி முடித்த பின்னரே, வேலையாள் திரும்பச் செய்யவேண்டிய 5 கடமைகள் வருகின்றன. கணவன் மனைவி பகுதியிலும் இதே வரிசைதான்: மனைவியை மதிப்பது, இழிவாகப் பேசாதிருப்பது, வேறு பெண்ணை நாடி வழுவாதிருப்பது, வீட்டின் பொறுப்பை அவளிடம் ஒப்படைப்பது, அணிகலன் தருவது எனக் கணவனின் கடமைகளே முதலில் நிற்கின்றன.

ஈட்டிய பொருளை நான்காகப் பகுத்து, ஒரு பங்கை நுகர்வுக்கும் இரண்டைத் தொழிலுக்கும் வைத்து, நான்காவதை இடர்க்காலத்துக்குச் சேமிக்கச் சொல்லும் வரிகளும் அதில் உண்டு. பழைய பாலி உரையாசிரியரான புத்தகோசர் இந்தச் சுத்தத்தை 'கிஹி விநய', இல்லறத்தாரின் ஒழுங்குநூல், என்றே குறிப்பிடுகிறார். முதலில் இதை வாசியுங்கள். உங்கள் ஆறு பேரைப் பற்றிய பகுதி இறுதியை ஒட்டி வருகிறது.

அன்புடன்