கட்டி கரைந்த பிறகும் ரேடியேஷன் எதற்கு?

கேள்வி: பையனுக்கு 14 வயசுங்க. ஆறு மாசமா ஓயாத தாகம். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து சிறுநீர் போனான். மூளையில் ஜெர்மினோமா கட்டி என்றார்கள். கீமோவிலேயே கரைந்துவிட்டது. இனியும் ரேடியேஷன் வேணுமுங்களா?
– ஒரு தாய், காங்கேயம்

பதில்: கட்டாயம் வேணுமுங்க. கீமோவோடு நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி திரும்பியிருக்கிறது. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தாலும் போதாது, மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளின் சுவரில் மறுபடி முளைக்கலாம். அதனால்தான் அந்த அறைகள் முழுவதுக்கும் சுமார் 24 கிரே (கதிர் அளவின் அலகு), வாரம் 5 நாள் வீதம் பிரித்துக் கொடுக்கிறார்கள். கீமோ முன்னால் கொடுப்பதே இந்த அளவைக் குறைக்கத்தான். தண்டுவட எம்ஆர்ஐயிலோ முதுகுத் தண்டு நீரிலோ பரவல் தெரிந்தால் தண்டுவடத்துக்கும் சேர்த்துத் தருவார்கள்.

முறையாக முடித்தால் 10 பேரில் 9 பேருக்கு மேல் பத்தாண்டு தாண்டியும் நலமாக இருக்கிறார்கள். ஆனால் ரத்தத்திலோ முதுகுத் தண்டு நீரிலோ ஏஎஃப்பி (சில வகைக் கட்டிகள் சுரக்கும் புரதம்) அளவு உயர்ந்திருந்தால் அது ஜெர்மினோமா மட்டுமல்ல, வேறு வகைக் கட்டியும் கலந்திருக்கிறது. கீமோவும் கதிரும் இன்னும் அதிகம் தேவைப்படும், குணமாகும் வாய்ப்பு குறையும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள்.

சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைக் கட்டி கெடுத்ததால் வந்த தாகம் இது, பெரும்பாலும் முழுதாகப் போகாது. அந்த ஹார்மோனுக்குப் பதிலான டெஸ்மோபிரசின் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். மாத்திரை போட்டபின் ‘சூடு’ என்று இளநீரும் மோரும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் (உப்பு) இறங்கி வலிப்பு வரலாம். குடித்ததையும் சிறுநீரையும் அளவுக் குவளையில் அளந்து நோட்டில் எழுதுங்கள். வாந்தி, தலைவலி, மந்தம் தெரிந்தால் அன்றே சோடியம் பாருங்கள்.