வீட்டின் மேல் பாண்ட் எடுக்கும் முன் பட்டறையைப் பார்த்துவிட்டு வாருங்கள்

அம்மா, சென்ற சனிக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது, உங்கள் கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று தம்பியின் கிரேடு 12 ஜூன் தேர்வு மதிப்பெண் பட்டியல். இன்னொன்று, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்ட் கொடுத்த கட்டண விவரம். மூன்றாவது, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள உங்கள் வீட்டின் மேல் புதிதாகப் பாண்ட், அதாவது அடமானக் கடன், எடுப்பதற்கான வங்கி விண்ணப்பம். "சீட் உறுதியாகிவிட்டது, நீங்களும் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிவிட்டால் நிம்மதியாகப் பணம் கட்டிவிடுவோம்" என்றீர்கள். அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்ததால், "கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொன்னது தவறு. நீங்கள் கேட்ட அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதை, இதே போன்ற உறையோடு ஆண்டுதோறும் வரும் மற்றப் பெற்றோரும் படிக்கும்படி, உங்கள் பெயரை விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். ஏஜெண்டின் தாளில் இருப்பது டாலர். உங்கள் கணவர் சம்பளம் வாங்குவது ரேண்டில். முதலாண்டுக் கட்டணத்தை இன்றைய மாற்று விகிதத்தில் ரேண்டாக்கி, அதை அப்படியே ஆறால் பெருக்கியிருக்கிறார்கள். ஆறாவது ஆண்டில் ரேண்டின் மதிப்பு எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமில்லை. அதில் உள்ளபடியே 15 லட்சம் ரேண்டுக்குப் பாண்ட் எடுத்து, வட்டி 11 விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், மாதந்தோறும் ஏறக்குறைய 15,480 ரேண்ட் கட்ட வேண்டும். கடன் அடையும் நாளில் நீங்கள் மொத்தமாகக் கட்டியது 37 லட்சத்தைத் தாண்டியிருக்கும். உங்கள் கணவருக்கு இப்போது 54 வயது. அறுபதில் ஓய்வு பெறுபவர் 74 வயது வரை தவணை கட்டுவது எப்படி என்று கேட்டபோது, "தம்பி டாக்டராகிக் கட்டிவிடுவான்" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்குத் தூக்கம் போனது.

தம்பி எப்போது சம்பாதிக்கத் தொடங்குவான் என்பதையும் அந்தத் தாள் சொல்லவில்லை. நம் தென்னாப்பிரிக்காவிலேயே படிப்பவருக்கு ஆறாண்டுப் படிப்பு, இரண்டாண்டு இன்டர்ன்ஷிப், ஓராண்டு சமூக சேவைப் பணி என்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. அமைப்பு நடத்தும் தேர்வில் தேறிய பிறகே இன்டர்ன்ஷிப் வரிசையில் போய் நிற்க முடியும். சமூக சேவை ஆண்டை முடித்த இளம் மருத்துவர்கள், பணியிடம் நிரப்ப அரசிடம் நிதியில்லாமல் வேலைக்காகக் காத்திருந்ததை 2024, 2025 ஆண்டுகளில் நாம் செய்திகளில் பார்த்தோம். மருத்துவத்தை நான் தாழ்த்திப் பேசவில்லை. கறுப்பின, இந்திய, கலப்பின மாணவர்களுக்கென்று டர்பனில் 1951-இல் மருத்துவப் பள்ளி திறந்த காலத்தில், நம் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகச் சில; "டாக்டர்" என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இத்தனை மதிப்பு ஏன் வந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் கதவு வழியாகப் போக விரும்புகிற பிள்ளை வேறு. உங்கள் பிள்ளை வேறு.

நீங்களும் உங்கள் கணவரும் பேசிய முக்கால் மணி நேரமும் தம்பி வாயே திறக்கவில்லை. எது பிடிக்கும் என்று கேட்டால் தோளைக் குலுக்கினான். "கடைசியாக எதைக் கழற்றிப் பார்த்தாய்?" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பக்கத்து வீட்டு ஆயாவின் கேட் மோட்டார் பாதி தூரம் போய் நின்றுவிடுமாம். பழுது பார்க்க வந்தவர், புது மோட்டார்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவன் மூடியைத் திறந்திருக்கிறான். சர்க்யூட் போர்டின் மேல் எறும்புக் கூடு, அதற்கடியில் கருகிப்போன ஒரு பல்லி. இரண்டையும் அப்புறப்படுத்திச் சுத்தம் செய்த பிறகும் கேட் நின்றுகொண்டே இருந்ததால், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டரியை மீட்டர் வைத்து அளந்திருக்கிறான். சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டிய பாட்டரி, மோட்டார் இழுக்கத் தொடங்கியதும் 9 வோல்ட்டுக்கு இறங்கியது. "சும்மா வச்சுப் பார்த்தா நல்ல பாட்டரி மாதிரிதான் இருக்கும் ஐயா, வேலை கொடுத்தாத்தான் தெரியும்" என்றான். பதினேழு வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், சுமையோடு அளக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கிற பிள்ளையை லைஃப் சயன்ஸில் 58 எடுத்தான் என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கியல், சட்டம், ஐடி, ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒவ்வொன்றையும் படித்தவர் உங்கள் உறவிலேயே இருக்கிறார். கேட்காமலே சொல்லித் தருவார். உங்கள் உறவில் ஒருவரும் சொல்லாத ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் மில்ரைட்.

ஆலையில் எந்திரம் நின்றால் இரண்டு பேர் ஓடி வருவார்கள். எலக்ட்ரீஷியன் மோட்டாரைப் பார்த்துவிட்டு, மின்சாரத்தில் கோளாறு இல்லை, எந்திரம்தான் இறுகியிருக்கிறது என்பார். ஃபிட்டர் எந்திரத்தைப் பார்த்துவிட்டு, பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது, மோட்டாரைப் பாருங்கள் என்பார். மில்ரைட் இந்த இரண்டு தொழிலையும் ஒருசேரக் கற்றவர். சர்க்கரை ஆலை ஒன்றில், கரும்பு அரைக்கும் பருவத்தில், இரவு இரண்டு மணிக்குக் கன்வேயர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் லாரிகளில் வெட்டிய கரும்பு காத்திருக்கிறது. வெட்டிய கரும்பு நேரம் போகப் போகச் சர்க்கரையை இழக்கும். மில்ரைட் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்துத் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். தான் உள்ளே கையை விட்டிருக்கும்போது வேறு யாரும் தெரியாமல் எந்திரத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான கட்டாய ஒழுங்கு அது. பிறகு, எந்திரம் நின்றது ஓவர்லோடு ரிலே விழுந்ததாலா, மூன்று ஃபேஸில் ஒன்று போனதாலா, கியர்பாக்ஸ் இறுகியதாலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார். பேரிங் போயிருந்தால் புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், சூடாக்கி விரியவைத்துத் தண்டில் நழுவவிடுவார். மோட்டாரின் தண்டும் கியர்பாக்ஸின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை பார்ப்பார். அது பிசகினால் புதுப் பேரிங்கும் வெகுநாள் தாங்காது. இன்றைய ஆலைகளில் இவற்றோடு சென்சார், பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றின் கோளாறையும் அவரே படித்தறிய வேண்டியிருக்கிறது. கேட் மோட்டாருக்கு முன் உட்கார்ந்து தம்பி செய்ததும் இதே வேலைதான். எந்திரத்தின் அளவுதான் வேறு.

இந்தத் தொழிலுக்குப் போகும் வழி டீவெட் என்னும் தொழிற்கல்விக் கல்லூரி. நாட்டில் இப்படி 50 அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. நம் மாகாணமான க்வாசூலு-நேட்டாலில் மட்டும் 9. டர்பனைச் சுற்றித் தெக்வினி, கோஸ்டல், எலாங்கேனி ஆகிய மூன்றின் வளாகங்களும் உண்டு. ஆனால் கல்லூரியில் சேர்ந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பலர் வழுக்கி விழுவது அங்கேதான். என்.4, என்.5, என்.6 என்று வகுப்பறைப் பாடங்களை வரிசையாக முடித்துவிட்டு, டிப்ளமோ கேட்கப் போகும்போதுதான், பொறியியல் பிரிவுக்கு அதற்கு மேல் 24 மாதத் தொழிற்சாலை அனுபவம் வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார்கள். அந்த அனுபவத்தைத் தரும் முதலாளியைத் தேடித்தேடியே இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடுகின்றன. ஆகவே, முதலில் முதலாளி, பிறகு வகுப்பறை என்ற வரிசையில், வேலை செய்துகொண்டே தொழில் கற்கும் அப்ரெண்டிஸ் ஒப்பந்தத்தைத்தான் நான் தம்பிக்குச் சொல்கிறேன். உயர்கல்வித் துறை 'சென்டர்ஸ் ஆஃப் ஸ்பெஷலைசேஷன்' என்ற பெயரில் 13 தொழில்களைத் தேர்ந்தெடுத்து நடத்தும் திட்டம் இந்த முறையில் அமைந்தது. மில்ரைட் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. மாணவர் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, கல்லூரிப் பட்டறையிலும் நிறுவனத்திலும் மாறி மாறிப் பயில்கிறார். இதைத் தவிர, பெரிய ஆலைகள் தாங்களே நேரடியாகவும் அப்ரெண்டிஸ்களை எடுக்கின்றன. பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் கணிதமும் பிசிக்கல் சயன்ஸும் தேறியிருப்பதைப் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன. தம்பி எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாறாமல் கணிதத்திலேயே நின்றது இதற்குப் பெரிய உதவி. அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்வு செய்யப் போகிற கிரேடு 9 பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள்.

மூன்று நான்கு ஆண்டுகள் நீளும் அந்தக் காலத்தில் அப்ரெண்டிஸுக்குச் சம்பளம் உண்டு. முதலாளி ஏன் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உங்கள் கணவர் சந்தேகப்பட்டார். ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ரேண்டுக்கு மேல் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் அதில் 1 விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டியாக வேண்டும். பயிற்சி கொடுப்பவர்கள் அதில் ஒரு பகுதியைச் செட்டா எனப்படும் துறைவாரிப் பயிற்சி அமைப்புகள் வழியாக மானியமாகத் திரும்பப் பெறலாம், வருமான வரியிலும் கழிவு உண்டு. இறுதியில் டிரேட் டெஸ்ட். ஜொகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையில் ஒலிஃபான்ட்ஸ்ஃபோன்டெயினில் உள்ள இண்ட்லேலா மையத்திலோ, அங்கீகாரம் பெற்ற வேறொரு மையத்திலோ, கையால் செய்து காட்ட வேண்டிய தேர்வு அது. தேறினால் எல்லோரும் ரெட் சீல் என்று சொல்லும் முழுத் தொழில் தகுதி கிடைக்கும். அப்போது தம்பிக்கு 22 வயது இருக்கும். உங்கள் வீட்டுப் பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கும்.

உங்கள் மூத்தார், அதாவது தம்பியின் பெரியப்பா, கைப்பேசியில் என்னிடம் பேசினார். "கிரீஸ் கையோடு வந்து நிற்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். பெரியவர், அவர் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் வளர்ந்த டர்பனில் எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரை அறியாத வீடு இருந்திருக்காது. 1890-இல் கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த ஒருவர், உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்ததால், நம்மவர் கைத்தொழில் கற்பதற்கென்று 1946-இல் எழுந்த கல்லூரி அது. 2002-இல் இணைப்பின் மூலம் இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பாதியானது. கரும்புத் தோட்டத்திலிருந்து நம் தாத்தாக்களை வெளியே கொண்டுவந்ததில் கைத்தொழிலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தலைமுறை மதித்ததை இந்தத் தலைமுறை இழிவென்று நினைப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. பெரியப்பா பாண்டில் ஒரு தவணையாவது கட்டப் போகிறாரா என்று உங்கள் கணவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கட்டாதவர் படிப்பை முடிவு செய்யக் கூடாது.

கல்லூரிகளில் எல்லா வளாகமும் ஒன்றல்ல. ஒரே கல்லூரியின் இரு வளாகங்களில், ஒன்றில் பட்டறை காலை எட்டு மணிக்கே இரைச்சலோடு இருக்கும். இன்னொன்றில் லேத் எந்திரங்கள் உறை போட்டபடி நிற்கும். வேறுபாடு அந்தத் தொழிற்பிரிவை நடத்தும் தலைவரிடமிருந்துதான் வருகிறது. ஆலை மேலாளர்களைத் தானே தேடிப் போய்ப் பேசுகிறாரா, எத்தனை முதலாளிகள் இந்த ஆண்டு அவர் மாணவர்களை அப்ரெண்டிஸாக எடுத்திருக்கிறார்கள், ஆசிரியர்களில் டிரேட் டெஸ்ட் தேறியவர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள். நல்ல தலைவர் தாளைத் தேடாமல் பதில் சொல்வார். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தால் அடுத்த வளாகத்துக்குப் போங்கள். பழைய என்.1 முதல் என்.3 வரையிலான படிப்புகள் படிப்படியாக நிறுத்தப்பட்டு, அவற்றின் இடத்தில் தொழிற்கல்வித் தரத்தைக் கவனிக்கும் கியூ.சி.டி.ஓ. அமைப்பு அங்கீகரிக்கும் புதிய தொழிற்சான்றிதழ்கள் வருகின்றன. தம்பியைச் சேர்க்கப் போவது எதில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு மேற்படாவிட்டால் என்.எஸ்.ஃபாஸ் என்னும் அரசு மாணவர் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

இதிலும் இடர் உண்டு. டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நின்றுபோயின. டோங்காட் ஹியூலெட் சர்க்கரை நிறுவனம் 2022 அக்டோபரில், திவாலாகாமல் தப்பிக்க முயலும் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போனது. ஒரே ஆலையை நம்பியிருப்பவருக்கு அது பெரிய அடி. மில்ரைட்டுக்கு, கரும்பு ஆலையில் கற்ற பேரிங்கும் மோட்டாரும் மெரிபேங்க் காகித ஆலையிலும், ப்ராஸ்பெக்டன் கார் தொழிற்சாலையிலும், ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலும் அதே பேரிங்கும் மோட்டாரும்தான். பிற்காலத்தில் பட்டம் வேண்டும் என்று தம்பியே விரும்பினால், டர்பனிலும் உம்லாசியிலும் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது கட்டணம் அவன் சம்பளத்திலிருந்து போகும்.

ஏஜெண்ட் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்டிருக்கிறார் என்றீர்கள். கட்டாதீர்கள். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் தம்பியை அழைத்துக்கொண்டு ஒரு வளாகத்துக்குப் போங்கள். பெரியப்பா வீட்டிலேயே இருக்கட்டும். தம்பியின் மதிப்பெண் பட்டியலோடு, அவன் மீட்டரையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், பட்டறையில் யாராவது ஒருவர், "அது என்ன மீட்டர், எதற்கு வைத்திருக்கிறாய்?" என்று கேட்பார்.