வன்னிக் காட்டுக்குள் மரம் வெட்டிப் பிழைத்த கிராமத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?

காட்டின் நடுவே ஒதுங்கிக் கிடந்து மரம் வெட்டிப் பிழைத்த ஊர்களில் ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த ஊர்கள்தானே இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக் காட்டை அழித்தன என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். நான் அப்படியான ஓர் ஊரில் பிறந்தவன். என் அம்மப்பா வாழ்நாள் முழுவதும் மரம் வெட்டினார். அதனால் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் ஒலுமடுவைத் தாண்டி ஒட்டுசுட்டானுக்கு முன்னால் ஒரு வண்டில் பாதை பிரிகிறது. அதில் ஐந்து மைல் உள்ளே போனால் எங்கள் ஊர். ஒரு சிறு குளம், அதன் கீழே கொஞ்சம் வயல், குளக்கட்டின் முடிவில் ஐயனார், அதைச் சுற்றி இருபத்து மூன்று வீடுகள். மாரி தொடங்கினால் பாதை சேறாகிவிடும். ஐப்பசி பிறந்தது முதல் தை பாதி வரை வெளியில் இருந்து யாரும் வரமாட்டார்கள், நாங்களும் போகமாட்டோம். அந்த மூன்றரை மாதத்துக்கான உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு எல்லாம் புரட்டாதி முடியும் முன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அப்படி விடப் பிந்திப்போன இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும்.

வன்னிக் காடு மலைநாட்டுக் காடு போல எப்போதும் ஈரமாக நிற்பதில்லை. மழையில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில் பெய்துவிடும், பிறகு கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் மண் வெடிக்கும். அந்தக் காய்ச்சலில் நின்று வளர்வதால்தான் மரங்கள் அவ்வளவு மெதுவாகவும் அவ்வளவு வைரமாகவும் வளர்கின்றன. பாலை, முதிரை, கருங்காலி, வீரை, விண்ணாங்கு, காயா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளின் கதவும் கட்டிலும் அலுமாரியும் முதிரை. உலக்கை என்றால் கருங்காலி. வீட்டுத் தூணுக்கு வீரை. பாலை மிகவும் பாரமானது. ஒரு கன அடி ஏறத்தாழ 30 கிலோ நிறுக்கும், தண்ணீரில் போட்டால் நேராக அடிக்குப் போய்விடும். மண்ணுக்குள் புதைந்து மழையும் வெயிலும் பட்டாலும் எளிதில் உளுக்காது. அதனால் ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே வைக்கும் சிலிப்பர் கட்டை என்றால் பாலைதான் வேண்டும் என்பார்கள்.

வடக்கு ரயில் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை போய்ச் சேர்ந்தது. பாதை போட்டு முடிந்தாலும் கட்டை வேலை முடியாது. பழையதை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊர் பெருத்தது அந்தத் தேவையில்தான். அம்மப்பா 1940களின் கடைசியில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் (ஒப்பந்தக்காரரிடம்) சிலிப்பர் வெட்டப் போனார். 9 அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குலத் தடிப்பு. இந்த மூன்று எண்களையும் அவர் தம் பிள்ளைகளின் பிறந்த தேதிகளைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார். ஒரு கட்டை கிட்டத்தட்ட 100 கிலோ வரும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒருமுறை என்னை வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாடி என்பது காட்டுக்குள் வேலைக்காலத்துக்கு மட்டும் போடும் கொட்டில். எப்போதும் ஏதாவது ஒரு மோட்டையின், அதாவது காட்டுக்குள் நீர் தேங்கும் சிறு பள்ளத்தின் அருகில் இருக்கும், ஏனென்றால் மாட்டுக்கும் மனிதருக்கும் அதுதான் தண்ணீர். காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு குழை முறித்து ஒரு குறிப்பிட்ட மரத்தடியில் வைத்து ஐயனாரைக் கும்பிட்டார்கள். அதன்பிறகு யானையை யானை என்று யாரும் சொல்லவில்லை. "பெரியவர் இரவு இந்தப் பக்கம் வந்திருக்கிறார்" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

மரத்தை வெட்டும் முன் அம்மப்பா கோடரியின் பின்புறத்தால் அதைத் தட்டிப் பார்ப்பார். காதை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு நாலு பக்கமும் தட்டுவார். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் மாறும். பொந்து மரத்தை வெட்டமாட்டார். கட்டை தேறாது என்பது ஒரு காரணம், தேன் இருக்கும் என்பது இன்னொன்று. தேய்பிறையில்தான் மரத்தைச் சாய்ப்பார்கள், வளர்பிறையில் வெட்டினால் உளுத்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். சாய்ந்த மரத்தின் வெளிப்பக்க வெள்ளையைக் கோடரியால் செதுக்கி எறிந்துவிட்டு, கரித்தண்ணீரில் நனைத்த நூலை இழுத்துப் பிடித்து ஒரு முறை சுண்டுவார். மரத்தில் கறுப்புக் கோடு ஒன்று நேராக விழும். அந்தக் கோட்டை ஒட்டி, மரம் செதுக்கும் கருவியான வாச்சியால் செதுக்கிக்கொண்டு போவார். கால் பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் தள்ளி வாச்சி விழும், ஒவ்வொரு முறையும் அங்கேயே விழும். வெட்டுப்பட்ட பாலை கருஞ்சிவப்பாக, இறைச்சி போல இருக்கும். நான் பயந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலைப் பார்க்காதே தம்பி, கோட்டைப் பார்" என்றார்.

இப்படி வெட்டிய ஒரு துண்டுகூட அவருக்குச் சொந்தமில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் காடு முடிக்குரியதாயிற்று, 1907ஆம் ஆண்டின் வனச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நடைமுறையில் இருந்தது. உத்தரவு பெற்றவர் கொந்தராத்துக்காரர். எந்த மரத்தை வெட்டலாம் என்று அதிகாரி குறித்துக் கொடுப்பார். வெட்டிய பிறகு குற்றியின் முகத்திலும் நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையிலும் இரும்புச் சுத்தியலால் முத்திரை அடிப்பார். வெட்டியவருக்குக் கட்டைக்கு இவ்வளவு என்று கூலி, அதிலும் முற்பணம் கழியும். மாரிக்கு வாங்கிய அரிசியும் கருவாடும் முற்பணத்தில்தான் வந்தவை. அதனால் வைகாசியில் காட்டுக்குள் போகிறவர் கடனோடுதான் போவார். 1968இல் அரச மரக் கூட்டுத்தாபனம் வந்தது. பிறகு இயந்திர வாளும் லொறியும் வந்தன. அரை நாள் வெட்டிய பாலை சில நிமிடத்தில் சாய்ந்தது. அம்மப்பாவின் கைவேலைக்குத் தேவை குறைந்ததும் அப்போதுதான்.

ஆண்கள் வாடிக்குப் போய்விட்டால் ஊர் பெண்களுடையது. காடு வெட்டி எரித்துப் பயிர் செய்யும் சேனையில் குரக்கனும் எள்ளும் உழுந்தும் அவர்கள் கையால் விளைந்தன. பாலைப்பழக் காலம் வந்தால் அம்மம்மா விடியும் முன் பெட்டியோடு புறப்படுவார். மஞ்சள் நிறமான சின்னப் பழம், தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், அதனால் எங்கள் உதட்டில் நல்லெண்ணெய் தடவிவிட்டுத்தான் தருவார். மிச்சத்தைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் வடித்து, மண்சட்டியில் ஊற்றி அரைநாள் காய்ச்சுவார். அகப்பையால் தூக்கி ஊற்றும்போது சாறு துளியாக விழாமல் நூலாக இறங்க வேண்டும், அதுதான் பதம். இறக்கி ஆறினால் கறுத்துத் தேன் போல இருக்கும். அந்தப் பாலைப்பாணிதான் மாரியில் எங்கள் இனிப்பு, பிட்டுக்கும் றொட்டிக்கும். பாலைப்பழம் கரடிக்கும் உயிர். மரத்தில் ஏறிக் கொப்பை முறித்துப் போட்டுத் தின்னும். கரடி பெரும்பாலும் முகத்தைத்தான் பிடிக்கும். எங்கள் ஊரில் ஒரு பெரியவருக்கு ஒரு கண்ணும் பாதி மூக்கும் இல்லை. பிள்ளைகள் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று அவர் எப்போதும் தோளில் ஒரு துவாயோடு வருவார், பேசும்போது அதனால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

மலேரியா பற்றியும் சொல்ல வேண்டும். 1946இல் டிடிடி தெளிக்கத் தொடங்கியதற்கு முன் வன்னி ஊர்கள் பல காய்ச்சலில் ஆளில்லாமல் போயின. அம்மப்பாவோடு பிறந்த ஏழு பேரில் மூவர்தான் பெரியவர்களானார்கள்.

தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. எங்கள் ஊருக்கும் ஒன்பது குடும்பங்கள் வந்தன. முதலில் ஊர்ச் சனம் அவர்களைக் கூலிக்காரராகத்தான் பார்த்தது, இதை மறைக்க நான் விரும்பவில்லை. கிணற்றடியில் அவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். இரண்டு மூன்று வருடம் போனபின்தான் அது மாறியது. குளக்கட்டு உடைந்த ஒரு மாரியில் இரவிரவாக மண்மூட்டை சுமந்தவர்கள் அவர்கள்.

1990இல் போர் மூண்டதும் யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயில் நின்றுவிட்டது. பொருளாதாரத் தடையில் சீமெந்து இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பாதையில் கிடந்த தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. எங்கள் வளவுக்கும் ஒரு ட்ரக்டரில் பதினான்கு கட்டை வந்தது. அம்மப்பாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண் மங்கல். இறக்கிய கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டச் சொன்னார். மேல்முகம் எண்ணெயும் கரியும் பிடித்துக் கறுத்திருந்தது. மண்ணோடு கிடந்த அடிமுகத்தில் வாச்சி விழுந்த வரிகள் அப்படியே இருந்தன. எச்சில் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். பாலை. பிறகு விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனார். ஒன்பதாவது கட்டையில், "இது இடதுகைக்காரன் வெட்டு. என்னோடு வெட்டியவர்களில் ஒருவன்தான் இடதுகைக்காரன்" என்றார். தன்னுடைய வெட்டு அந்தப் பதினான்கில் இல்லை. அன்று மாலை முழுவதும் அவர் யாரோடும் பேசவில்லை. அடுத்த வருடம் இறந்துபோனார்.

1997 மேயில், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி நெடுக இராணுவத்தின் பெரும் படை நடவடிக்கை தொடங்கியது. சண்டை எங்கள் பக்கம் வந்ததும் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தோம். அதன்பின் திரும்பியதும் மறுபடி ஓடியதும் முள்ளிவாய்க்காலும் முகாமும் பற்றி இங்கே எழுத என்னால் முடியவில்லை. கண்ணிவெடி அகற்றி முடித்து 2011இல் எங்களை ஊருக்குள் விட்டபோது இருபத்து மூன்று வீட்டுக்காரரில் திரும்பியது எட்டு வீடு.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாங்கள் காட்டைக் குறைத்தோம், அது உண்மை. என் சிறு வயதிலேயே நல்ல முதிரை தேடி இரண்டு நாள் உள்ளே நடக்க வேண்டியிருந்தது. கருங்காலி அதற்கும் முன்பே அரிதாகிவிட்டது. அம்மப்பாவே அதை ஒப்புக்கொண்டு வருந்துவார். ஆனால் குறித்த மரத்தைக் கோடரியால் வெட்டியவரையும், இன்று இரவில் இயந்திர வாளோடு வந்து முதிரையையும் பாலையையும் அறுத்து வாகனத்தில் ஒளித்துக் கொண்டுபோகிறவரையும் ஒரே பெயரால் அழைக்காதீர்கள். காட்டுக்குள் எந்த மரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்த ஊர் அங்கே இருந்தவரை, அந்நிய ஆள் ஒருவர் நுழைந்தால் மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் இல்லாத வருடங்களில் சேனைகளும் வளவுகளும் காடேறின. திரும்பி வந்தபோது எங்கள் மேட்டுக்காணியில் ஒரு அலுவலகம் எல்லைக்கல் நட்டிருந்தது. அது காடாம். அம்மம்மா நட்ட மாமரமும் கிணறும் கல்லுக்கு அந்தப் பக்கம். உறுதிப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. எட்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐயனாரடியில் நிற்கும் பாலையை எந்தக் காலத்திலும் எங்களில் ஒருவரும் தொட்டதில்லை. அது இன்றும் நிற்கிறது, மூன்று பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்கலாம்.

2013இல் ரயில் மீண்டும் கிளிநொச்சி வரை வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனது. பாதையில் இப்போது கொங்கிறீற்றுக் கட்டைகள். எங்கள் பழைய பதுங்குகுழியைத் தோண்டியபோது இரண்டு பாலைக் கட்டைகள் மட்டும் கிடைத்தன. ஒன்றில் அந்த இடதுகை வரிகள் இருக்கின்றன. இரண்டையும் வீட்டுக்கு முன்னால் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருக்கிறேன், வரிகள் உள்ள முகம் மேலே தெரியும்படி. தண்டவாள ஆணி இருந்த ஓட்டைகளில் மாரிக்குத் தண்ணீர் தேங்கும். போன அறுவடைக்கு நெல் ஏற்றிய ட்ரக்டர் அதன்மேல் ஏறிப் போனது. கட்டை அசையவில்லை.