வெட்டிவேர் வாங்கும்போது மண்ணுக்கும் விலை கொடுக்காதீர்கள்

கேள்வி: பானைத் தண்ணீரில் போடுவதற்கு நகரில் ஒரு கடையில் 100 கிராம் வெட்டிவேர்ப் பொட்டலம் வாங்கினேன். பிரித்ததும் ஊதுபத்தி போல மணம் தூக்கியது. மறுநாள் தண்ணீரில் வாசமே இல்லை, பானையின் அடியில் சேறுதான் இருந்தது. ஏமாந்துவிட்டேனா? (திருநகர் வாசகி)

பதில்: ஆம் என்றுதான் நினைக்கிறேன். நல்ல வெட்டிவேர் காய்ந்திருக்கும்போது அடக்கமாகத்தான் மணக்கும். நனைந்த பிறகுதான் முதல் மழை விழுந்த மண்ணைப் போல அதன் வாசம் எழும். பிரித்த உடனே மூக்கைத் துளைத்தால் எசென்ஸ் தெளித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். எண்ணெய் வடித்தெடுத்த வேரும் விற்பனைக்கு வருவது உண்டு. அதற்கு நிறம் இருக்கும், மணம் இருக்காது.

சேற்றுக்கு வருகிறேன். போன சித்திரையில் நானும் ஒரு 100 கிராம் கட்டு வாங்கி, செய்தித்தாளை விரித்து உதறினேன். உதிர்ந்த மண்ணைச் சமையலறைத் தராசில் வைத்தபோது 18 கிராம் காட்டியது. வேரின் விலையில் மண்ணை விற்பது பெரும் அநியாயம். ஆகவே உதிரியாக வாங்குங்கள். கடைக்காரர் முன்னாலேயே கட்டை உதறி, பிறகு எடை போடச் சொல்லுங்கள். ஒரு வேரை விரலில் சுற்றிப் பாருங்கள். ஈரம் தட்டினால் வேண்டாம், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். இரண்டு வேரைக் கிள்ளி, கையில் இருக்கும் குடிநீரில் நனைத்து முகர்ந்து பார்ப்பதில் கூச்சம் தேவையில்லை.

பொட்டலமாக வாங்கினால் நிகர எடை, பொதிந்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். பில் இருந்தால் முதலில் கடையிலேயே கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: திருமங்கலம் பக்கம் எனக்கு ஓர் ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. வெட்டிவேர் விதையும் நாற்றும் தருகிறோம், வேரை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: விதை என்று சொன்ன இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வட இந்தியாவில் காட்டுப்புல்லாக வளரும் வகை விதை கட்டி முளைக்கும். நம் பக்கம் பயிராகும் தென்னிந்திய வகை, முளைக்கும் விதை தருவதில்லை. தூரைப் பிரித்துப் பக்கக் கன்றாகத்தான் நடுவார்கள். விதை விற்கிறவருக்குப் பயிரே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார்.

அடுத்தது மண். இதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும். மூன்று மீட்டருக்கு மேல் போவதும் உண்டு. ஆற்றுப்படுகையிலும் நீர் தேங்கும் தாழ்விலும் வளர்ந்து பழகிய புல் ஆகையால் வெள்ளத்தையும் தாங்கும், வறட்சியையும் தாங்கும். கரிசலிலும் அது வளர்ந்துவிடும். வேரைத் தோண்டி எடுப்பதில்தான் சிக்கல். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் காத்திருந்து, இறுகிய கரிசலில் மண்வெட்டி போட்டால் வேர் பாதியிலேயே அறும். கூலிக்கே பணம் போதாது. மணற்பாங்கான நிலத்துக்காரருக்குத்தான் இது வருமானப் பயிர். கடலூர்க் கடலோர மணலில் இது நன்றாக வருவதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் இந்தப் புல்லை உங்கள் நிலத்துக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் வரப்பு ஓரம் அரை அடிக்கும் குறைந்த இடைவெளியில் ஒரே வரிசையாக நட்டால், ஓரிரு ஆண்டில் வேலியாகி மேல்மண் அடித்துப் போகாமல் காக்கும். அதற்குச் சில நூறு கன்றுகள் போதும், முன்பணமும் வேண்டாம். வாங்கும்போது தூர் பச்சையாக இருக்கிறதா, வேர்முனை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். வேரைத் திரும்ப வாங்குவதாகச் சொல்லும் எவரிடமும் விலை, எடை, ஈரப்பதம், தேதி எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வெட்டிவேர் எண்ணெய் சிறு குப்பி மிகவும் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். அசல் எண்ணெய் பழுப்பு நிறத்தில் தேன்போல் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். வேரிலிருந்து அதை வடிக்கவே பல மணி நேரம் ஆகும். தண்ணீராக ஓடினால் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள்.