பாத ஆபரேஷனுக்கு யாரிடம் போவது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. 12 வருடமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரல் மூட்டு புடைத்து, செருப்பு உரசிப் புண்ணாகிவிட்டது. ஆபரேஷன்தான் வழி என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தங்கை, ‘போடியாட்ரிஸ்ட்டிடம் காட்டு’ என்கிறாள். இங்கே யாரைப் பார்ப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: தங்கை சொல்வது அமெரிக்காவுக்குச் சரி. அங்கே போடியாட்ரி (பாத மருத்துவம்) தனிப் படிப்பு: 4 ஆண்டு கல்லூரி, 3 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. பாத ஆபரேஷனும் அவர்களே செய்வார்கள். இங்கே அந்தப் பெயரில் பலகை மாட்டியவர் சர்க்கரைப் புண் பார்க்கும் சர்ஜனாகவும் இருக்கலாம், கால் ஆணி சீவுபவராகவும் இருக்கலாம். எலும்பை வெட்டி நேராக்க, எலும்பு மருத்துவ மேற்படிப்பான எம்.எஸ். அல்லது டி.என்.பி. ஆர்த்தோ முடித்து, பாதம்-கணுக்காலில் ஃபெலோஷிப் (தனிப் பயிற்சி) செய்தவரைத் தேடுங்கள். ‘இதே ஆபரேஷன் மாதம் எத்தனை செய்கிறீர்கள்?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முழங்கால் மாற்றுவதில் பேர் எடுத்தவர்கூட இதை எப்போதாவதுதான் செய்திருப்பார்.

எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்கச் சொல்கிறாரா, பாருங்கள். படுக்கவைத்து எடுத்தால் கோணல் குறைவாகத் தெரியும். அதை நம்பித் திருத்தினால் விரல் மறுபடி சாயும்.

அம்மாவுக்கு அதைவிட முக்கியம் ரத்த ஓட்டம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்து, 0.9-க்குக் கீழே வந்தால் குழாயில் அடைப்பு என்று பொருள்; முதலில் ரத்தக்குழாய் நிபுணர்தான் பார்க்க வேண்டும். 1.4-ஐத் தாண்டினாலும் மகிழ வேண்டாம். சர்க்கரையால் குழாய்ச் சுவர் இறுகி, எண் பொய்யாக ஏறியிருக்கும். அப்போது கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8-க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைப் பலரும் தள்ளிப்போடுவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உணர்ச்சியையும் சோதிக்க வேண்டும். மரத்துப்போன காலில் வலி தெரியாது. சீக்கிரமே ஊன்றி நடந்துவிடுவார், வெட்டிய எலும்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்து எலும்பு விலகிவிடலாம். இவற்றையெல்லாம் பார்க்காமல் தேதி குறிப்பவரிடம் கால் கொடுக்க வேண்டாம்.

புண் இருக்கும்போது ஸ்க்ரூ வைத்தால் கிருமி எலும்பு வரை இறங்கலாம். எனவே முதலில் புண் ஆறட்டும். அதுவரை முன்பக்கம் அகலமான எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு போதும், வார் புடைப்பின் மேல் வரக் கூடாது, குதிகாலில் பின்வார் இருக்க வேண்டும். சிவப்பு பரவினாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.