நான்காம் வகுப்புச் சிபாரிசுக்காக நாடு மாற வேண்டுமா?

கேள்வி: ஜேர்மனியில் எசன் நகரில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. நவம்பர் பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை, ஐந்தாம் வகுப்புக்கு "ஹௌப்ட்சூலே (அடிப்படை மட்டப் பாடசாலை), முயன்றால் றியால்சூலே (நடு மட்டம்)" என்று சொல்லிவிட்டார். டொச் (ஜேர்மன் மொழி) 4, கணக்கு 3, சாக்குன்டெரிக்ட் (சூழல், சமூகப் பாடம்) 3; இங்கே 1 தான் சிறந்த புள்ளி, 6 மிகக் குறைந்தது. பின்லாந்தில் பதினாறு வயது வரை பிள்ளைகளைப் பிரிப்பதில்லை என்று அண்ணா சொல்கிறார். மச்சாள் நெதர்லாந்துக்கு வரச் சொல்கிறார். கணவரின் ஆட்கள் லண்டன்தான் சரி என்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர் 1,200 யூரோ தந்தால் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர் மட்டப் பாடசாலையான கிம்நாசியத்தில் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஐரோப்பாவில் எந்த நாட்டுப் படிப்பு நல்லது? நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 1,200 யூரோவைக் கொடுக்காதீர்கள். எசன் இருக்கும் நோர்ட்றைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்தில் ஆசிரியையின் சிபாரிசு பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. முன்பு சிபாரிசுக்கு மாறாகப் போவதென்றால் பிள்ளை மூன்று நாள் சோதனை வகுப்பில் தேற வேண்டியிருந்தது. 2010 இல் அதை எடுத்துவிட்டார்கள். எந்த வகைப் பாடசாலைக்கு விண்ணப்பிப்பது என்பது உங்கள் முடிவு. சட்டம் உங்களுக்கு இலவசமாகத் தந்திருக்கும் உரிமையைத்தான் அந்த ஆள் உங்களுக்கே விற்கப் பார்க்கிறார். பாடசாலையில் இடம் கொடுப்பவர் அதிபர். அவருக்கும் உங்களுக்கும் நடுவில் தரகருக்கு வேலையே இல்லை.

மூனிச் பக்கம் இருக்கும் உறவினர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல, ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது. மூனிச் இருக்கும் பயர்ன் மாநிலத்தில் டொச், கணக்கு, சாக்குன்டெரிக்ட் மூன்றின் சராசரி 2.33 க்குள் இருந்தால் கிம்நாசியம், 2.66 க்குள் இருந்தால் றியால்சூலே. அதைத் தாண்டினால் மூன்று நாள் சோதனை வகுப்பு. ஒரே நாட்டுக்குள் பதினாறு மாநிலம், பதினாறு பள்ளிச் சட்டம். தாய் தகப்பன் எந்த ஊரில் வீடு எடுத்தார்கள் என்பதை வைத்துப் பத்து வயதுப் பிள்ளையின் வழி மாறுவதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது. ஒரே அளவு வாசிப்புத் திறன் உள்ள இரண்டு பிள்ளைகளில், படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைக்கே கிம்நாசியம் சிபாரிசு கூடுதலாகக் கிடைக்கிறது என்று இந்த நாட்டு ஆய்வுகளே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அறிக்கை வெளிவரும், ஒரு வாரம் பேசுவார்கள், பிறகு அடுத்த அறிக்கை வரும் வரை மௌனம்.

இனி நாடுகளைப் பார்ப்போம். உங்கள் அண்ணா சொன்னது உண்மை. பின்லாந்தில் 1972 இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி, 1977 க்குள் நாடு முழுவதும் பழைய இருவழி முறையை எடுத்துவிட்டு ஒன்பது ஆண்டுப் பொதுப் பாடசாலையைக் கொண்டுவந்தார்கள். 7 வயதில் சேரும் பிள்ளை 16 வரை பிரிக்கப்படுவதில்லை. அங்கே இதைவிட முக்கியமான நல்ல வழக்கம் ஒன்று உண்டு: பிள்ளை பின்தங்குகிறது என்று ஆசிரியர் கண்டவுடனே உதவி தொடங்கும். வைத்தியரின் கடிதம் வரும் வரை காத்திருக்க மாட்டார்கள். ஆனால் பீசா என்ற, 15 வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேசத் தேர்வில் பின்லாந்தின் கணிதப் புள்ளி 2003 இல் 544, 2022 இல் 484. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியும் அங்கே பெரிது. உங்கள் மகள் போனால் முதலில் ஆயத்த வகுப்பில்தான் இருப்பாள். 10 வயது வரையுள்ளவர்களுக்கு 900 மணி நேரம், அதற்கு மூத்தவர்களுக்கு 1,000. கிட்டத்தட்ட ஒரு பள்ளி ஆண்டு அதிலேயே போய்விடும். மகளை இப்போது இழுத்துப் பிடிப்பது மொழி. அதே சிக்கலை, வீட்டில் எவருக்கும் தெரியாத இன்னொரு மொழியில் முதல் எழுத்திலிருந்து தொடங்கப் போகிறீர்களா?

மச்சாள் இருக்கும் நெதர்லாந்திலும் பிரிப்பு உண்டு, 12 வயதில். அங்கே மெச்ச வேண்டிய விதி இது: எட்டாம் குழுவில் (ஆரம்பப் பாடசாலையின் கடைசி வகுப்பு) ஆசிரியர் ஜனவரியில் தற்காலிகச் சிபாரிசு எழுதுவார், பிறகு பிள்ளை ஒரு பொதுத் தேர்வு எழுதும். தேர்வில் சிபாரிசைவிட உயர்ந்த முடிவு வந்தால் பாடசாலை சிபாரிசை உயர்த்த வேண்டும்; உயர்த்தாவிட்டால் அது ஏன் பிள்ளைக்கு நல்லது என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். தாழ்ந்த முடிவு வந்தால் சிபாரிசைக் குறைக்க முடியாது. தேர்வு மேலே மட்டும்தான் தள்ளும். ஆசிரியரின் தவறான கணிப்பிலிருந்து பிள்ளையைக் காக்க இதைவிட மலிவான வழி இல்லை. இங்கே அதைக் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை, மனந்தான் இல்லை. ஆனால் 2022 பீசா வாசிப்பில் நெதர்லாந்து 459, ஜேர்மனி 480. வாசிப்பில் தடுமாறும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற இடமல்ல அது.

லண்டன் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2021 க்குப் பிறகு ஜேர்மன் கடவுச்சீட்டோடு போய்க் குடியேற முடியாது, விசா வேண்டும். முன்பு ஹொலண்டிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் போன எங்கள் ஆட்கள் போனது வேறு காலம். நிரந்தர வதிவுரிமை இல்லாமல் பல்கலைக்கழகம் வரை போனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டி வரும். உள்நாட்டு மாணவர் கட்டணமே இங்கிலாந்தில் 2025/26 இல் ஆண்டுக்கு 9,535 பவுண். இங்கே அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை.

சுவிற்சர்லாந்தையும் கவனியுங்கள். அங்கும் 12 வயதளவில் பிரிக்கிறார்கள், ஆனாலும் 2022 கணிதத்தில் 508. தொழில் பழகப் போன பிள்ளை தொழில்முறை மற்றூராவும் (உயர்நிலைச் சான்றிதழ்) அதற்கு மேல் ஒரு இணைப்புத் தேர்வும் எழுதிப் பல்கலைக்கழகம் போகலாம், அந்த வழியைக் கீழானது என்று அங்கே பொதுவாக எவரும் நினைப்பதில்லை. போலந்து 1999 இல் பிரிப்பை ஓராண்டு தள்ளிப்போட்டது. வாசிப்பில் 2000 இல் 479 ஆக இருந்தது 2012 இல் 518 ஆனது. அதையும் 2017 முதல் கலைத்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிற ஒன்றை ஆட்சி மாறியதும் கலைப்பது எல்லா நாட்டிலும் உண்டு.

ஆக, எந்த நாடு நல்லது என்று தேடுவதை விடுங்கள். பிரிப்பைத் தள்ளிப்போடுவது, தவறான கணிப்பைப் பின்னால் திருத்த வழி வைப்பது, சறுக்கத் தொடங்கியதுமே கை கொடுப்பது: மெச்சத் தக்க வழக்கங்கள் இவைதான். மூன்றும் எசனிலேயே இருக்கின்றன. யாரும் உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள் என்பதுதான் குறை.

பிரிப்பைத் தள்ளிப்போடும் இடம் கெசம்ட்சூலே, எல்லா மட்டப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பாடசாலை. சிபாரிசுத் தாளில் எந்த வகை எழுதப்பட்டிருந்தாலும் கெசம்ட்சூலேயும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். 5 ஆம் வகுப்பிலிருந்து 9 வரை வகுப்பேற்றத்தில் மறிக்கமாட்டார்கள். எல்லாச் சான்றிதழும், பல்கலைக்கழகத் தகுதியான அபிதூர் உட்பட, அங்கேயே எடுக்கலாம். டொச்சில் 4 உள்ள பிள்ளையை உரிமை இருக்கிறது என்பதற்காகக் கிம்நாசியத்தில் போடாதீர்கள். அங்கே 5, 6 ஆம் வகுப்புகள் சோதனைக் காலம். 6 முடிவில் ஆசிரியர் கூட்டம் கூடி, பொருந்தவில்லை என்று கண்டால் வெளியே அனுப்பும். பன்னிரண்டு வயதில் தோழிகளை விட்டு, இடம் மிஞ்சிய ஏதோ ஒரு பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் மனம் எப்படி இருக்கும் என்று பெற்றோர் முன்கூட்டி யோசிப்பதில்லை.

ஆனால் கெசம்ட்சூலேயில் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. தமிழ்ப் பெற்றோர் கூடுதலாக ஏமாறுவது இங்கேதான். பிரிப்பு அங்கும் வரும், சத்தமில்லாமல். 7 ஆம் வகுப்பில் கணக்கையும் ஆங்கிலத்தையும் இரண்டு மட்டமாகப் பிரிப்பார்கள்: மேல் மட்டம் ஈ-கூர்ஸ், அடிப்படை மட்டம் கே-கூர்ஸ். 8 அல்லது 9 இல் டொச் பிரியும். 9 இல் இயற்பியல் அல்லது வேதியியல். 10 முடிவில் அபிதூர் வகுப்புக்குப் போகத் தகுதி வேண்டுமென்றால் குறைந்தது மூன்று பாடம் ஈ-கூர்சில் இருக்க வேண்டும், அவற்றில் 3 அல்லது அதைவிட நல்ல புள்ளியும் வேண்டும். நான்கே பாடம், அவற்றில் மூன்று. 7 இல் இரண்டையும் கே-கூர்சுக்கு விட்டுவிட்டு, 10 இல் போய் "ஏன் மேலே விடவில்லை" என்று கேட்டால் பதில் கிடைக்காது. 6 ஆம் வகுப்பின் இரண்டாம் அரையாண்டிலேயே ஆசிரியரைச் சந்தித்து எந்தப் பாடம் எந்த மட்டம் என்று கேளுங்கள். கே-கூர்சில் போட்டுவிட்டாலும் மேலே மாறலாம். எந்தத் தவணையில், என்ன புள்ளியோடு என்று தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பெறூப்ஸ்கொலெக் என்ற தொழிற்கல்விப் பாடசாலை வழியும் இருக்கிறது. அதிலும் அபிதூர் வரை போகலாம்.

அடுத்தது இப்போதே வேண்டிய உதவி. டொச் 4 என்று மட்டும் கேட்டு வந்தால் போதாது. எது 4? வாசித்து விளங்குவதா, எழுத்துப் பிழையா, கட்டுரை எழுதுவதா? கணக்கில் 3 வருவதும் வசனக் கணக்கு விளங்காததாலா என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாநிலத்தின் ஆரம்பப் பாடசாலைகளில் வாரம் மூன்று தடவை இருபது நிமிட வாசிப்பு நேரம் கட்டாயம். மற்ற நாட்களில் அதே இருபது நிமிடத்தை வீட்டில் வையுங்கள்: பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். விளங்காமல் வாசித்திருந்தால் அந்த இடத்தில் தெரிந்துவிடும். உங்களுக்கு டொச் சரளமில்லை என்றால் வீட்டில் டொச் பேச முயலவேண்டாம். பிள்ளை உங்கள் பிழைகளையும் சேர்த்துப் படிக்கும், தமிழும் கெடும்.

ரியூசன் நிலையங்களில் கவனமாயிருங்கள். "புள்ளி உயர்வு உத்தரவாதம்" என்று சொல்லிப் பன்னிரண்டு மாதம், சில இடங்களில் இருபத்துநான்கு மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு மாத அறிவித்தலில் விலகலாம் என்று எழுதித் தராத இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இணையத்திலோ வீட்டுக்கு வந்தோ எழுதிய ஒப்பந்தம் என்றால் பதினான்கு நாளுக்குள் விலக உரிமை உண்டு. வோன்கெல்ட் (வீட்டு வாடகை உதவி), கிண்டர்சூஷ்லாக் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பிள்ளைப் படி), ஜொப்சென்டர் உதவி இதில் எது பெற்றாலும் ரியூசன் செலவை அரசே கொடுக்கும். அதன் பெயர் லேர்ன்ஃபேர்டெறுங். பிள்ளை வகுப்பேறாமல் போகும் நிலையில் இருந்தால்தான் தருவோம் என்ற நிபந்தனை 2019 ஆகஸ்டிலேயே போய்விட்டது. இன்னும் சில அலுவலகங்களில் பழைய கதையைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ஆசிரியையிடம் தேவை உண்டு என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கி, விண்ணப்பத்தைக் கொடுத்து, அனுமதி வந்தபின் வகுப்பைத் தொடங்குங்கள்.

தமிழ் பற்றி ஒன்று, இதில் குழப்பம் அதிகம் என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் பள்ளித் திணைக்களமே நடத்தும் தாய்மொழி வகுப்பு இருக்கிறது, அதில் தமிழும் ஒரு பாடம். தொடர்ந்து படித்த பிள்ளை 9 அல்லது 10 முடிவில் மொழித் தேர்வு எழுதும். அதில் 2 அல்லது 1 எடுத்தால், சான்றிதழ் வழங்கும்போது ஓர் அந்நிய மொழியில் வந்த 5 ஐ அது சரிக்கட்டும். அந்நிய மொழி என்றால் ஆங்கிலம், பிரெஞ்சு போன்றவை. டொச் அந்நிய மொழி இல்லை, எனவே டொச்சில் வந்த 5 ஐச் சரிக்கட்டாது. கணக்கையும் சரிக்கட்டாது. மூன்று எடுத்தாலும் சரிக்கட்டாது. சனிக்கிழமை எங்கள் சமூகம் நடத்தும் தமிழ்ப் பாடசாலை அருமையான வேலை செய்கிறது, பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அதன் சான்றிதழ் இந்தக் கணக்கில் வராது. இரண்டும் வேறு. திணைக்கள வகுப்புக்குப் படிவம் பாடசாலைச் செயலகத்தில் கிடைக்கும். பிள்ளைகள் போதாவிட்டால் குழு தொடங்காது. ஆரம்பப் பாடசாலையில் 15 பேர், அதற்கு மேல் 18 பேர் வேண்டும். பல பாடசாலைப் பிள்ளைகளைச் சேர்த்தும் குழு அமைக்கலாம், ஆகவே தெரிந்த தமிழ்க் குடும்பங்களையும் ஒரே நேரத்தில் படிவம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜனவரி கடைசியில் அரையாண்டு அறிக்கையோடு சிபாரிசும் பதிவுப் படிவமும் கையில் வரும். பல நகரங்களில் கெசம்ட்சூலேப் பதிவு மற்றப் பாடசாலைகளுக்கு முந்தி நடக்கும், நாட்கள் சிலவே. திகதியை நகரசபை இணையத்தளத்தில் இப்போதே பார்த்துக் குறித்து வையுங்கள். பதிவுப் படிவத்தின் மூலப்பிரதி, அரையாண்டு அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், சின்னமுத்து (தட்டம்மை) தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் அதிபர் நல்ல புள்ளிப் பிள்ளைகளையும் குறைந்த புள்ளிப் பிள்ளைகளையும் கலந்தே எடுக்க வேண்டும். எனவே 4 இருக்கிறதே என்று கூசாதீர்கள், அதே பாடசாலையில் அண்ணன் அக்கா படித்தால் அதையும் சொல்லுங்கள். வேறு யாருடைய வீட்டு முகவரியையாவது பதிந்து பக்கத்துப் பாடசாலையில் இடம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டமீறல், முகவரி கொடுத்தவருக்கே 50,000 யூரோ வரை தண்டம் வரலாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதில் குறித்த காலத்துக்குள், வழக்கமாக ஒரு மாதம், எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். எந்த அடிப்படையில் தெரிவு செய்தார்கள் என்று அதில் கேளுங்கள். அதன் முடிவுக்காகக் காத்திராமல், திருப்பிக் கொடுத்த மூலப்பிரதியோடு அடுத்த பாடசாலையில் அதே வாரம் பதிந்துவிடுங்கள்.